இணையத் தொலைபேசியில் 112, 108 போகவில்லையா? அறிகுறி வாரியாகச் சோதிக்கும் வழி

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், பானசவாடி, ராமமூர்த்தி நகர், ஹொரமாவு, காக்ஸ் டவுன் பக்கத்து அடுக்ககங்களில் இன்டர்காமும் ஃபைபர் வழித் தொலைபேசியும் பழுதுபார்ப்பது என் தொழில். என்னைக் கூப்பிடுகிறவர்கள் ‘போன் செத்துக் கிடக்கிறது’ என்றோ ‘பேசினால் கேட்கவில்லை’ என்றோதான் சொல்வார்கள். ‘112 போகவில்லை’ என்று சொல்லிக் கூப்பிட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரும் அவசரத்துக்கு அழைத்து, அது போகாமல் தவித்த பிறகே சொன்னவர்கள். அதனால் எந்த வேலைக்காக ஒரு வீட்டுக்குப் போனாலும், கிளம்பும் முன் அந்த வீட்டுப் போனிலிருந்து அவசர எண்ணுக்கு வழி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அப்படிப் பார்த்ததில் திரும்பத் திரும்பக் கண்ட பழுதுகளையே இங்கே எழுதியிருக்கிறேன்.

ஃபைபர் மோடத்தின் பின்னால் செருகிய லேண்ட்லைன், லேன் வயரில் இயங்கும் அலுவலகத்து ஐ.பி. போன், கைபேசியிலோ லேப்டாப்பிலோ இயங்கும் அழைப்புச் செயலி ஆகிய மூன்றையுமே இணையத் தொலைபேசி என்று குறிப்பிடுகிறேன். இவற்றில் டயல் டோன் வருவது ஒன்று, அவசர எண் போவது வேறொன்று. 2017 அக்டோபரில் இணையத் தொலைபேசி பற்றி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அளித்த பரிந்துரையிலேயே, அவசர எண்களுக்கு வழிசெய்யுமாறு நிறுவனங்களை ஊக்குவிக்கலாம், இப்போதைக்குக் கட்டாயமாக்க வேண்டாம், ஆனால் இந்தக் குறைபாட்டைச் சந்தாதாரருக்கு ஐயத்துக்கு இடமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நான் போன வீடுகளில் அந்தத் தெரிவிப்பைப் படித்திருந்த ஒருவரைக்கூட இதுவரை பார்க்கவில்லை.

## இப்போதே ஆபத்து என்றால்

இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, கையில் இருக்கும் சாதாரண சிம் கைபேசியிலிருந்து 112 அழையுங்கள். சிக்னல் கோடுகள் இல்லாமல் ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்று திரையில் தெரிந்தாலும் அழையுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில், அங்கே கிடைக்கும் வேறொரு நிறுவனத்தின் சிக்னல் வழியாக அந்த ஓர் அழைப்பு போக வாய்ப்பிருக்கிறது என்பதே அந்த வரியின் பொருள். கைபேசி இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், அல்லது கேட்டில் இருக்கும் காவலரை அனுப்புங்கள். நெஞ்சு வலியால் ஒருவர் துடிக்கும்போது மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் வீட்டில் அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு உரியவை.

## சோதிக்க எந்த எண்ணை அழைப்பது

112, 108 இரண்டையும் விளையாட்டாக அழைக்கக் கூடாது. நாம் பேசும் அரை நிமிடத்தில் வேறொருவர் காத்திருக்க நேரலாம். தவறிப் போய் அழைத்துவிட்டால் பயந்து துண்டிக்காமல், ‘தவறுதலாக அழுத்திவிட்டேன், ஆபத்து எதுவும் இல்லை’ என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும். சோதனைக்கு நான் பயன்படுத்துபவை ரயில்வேயின் 139, பெங்களூரின் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் 1912. இரண்டும் 1இல் தொடங்கும் குறு எண்கள். ஒன்று மூன்று இலக்கம், மற்றொன்று நான்கு. 139 போனால் 112உம் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் 139 போகாத போனில் 112உம் போகாது என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதே நல்லது.

## அறிகுறி: கரண்ட் போனால் போனும் போய்விடுகிறது

இதுவே நான் அதிகம் பார்க்கும் குறை. வீட்டுப் பெரியவர்கள் இதைக் குறையென்றே அறிந்திருப்பதில்லை. தாமிரக் கம்பியில் வந்த பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரமும் சேர்ந்து வந்ததால், தெருவே இருண்டு கிடந்தாலும் அது பேசியது. ஃபைபர் கண்ணாடி இழை; அதில் ஒளி வருமே தவிர மின்சாரம் வராது. மோடம் அணைந்தால் போனும் அணைந்தது. கருவி அதே கருவியாகவும் எண் அதே 080 எண்ணாகவும் இருப்பதால், நாற்பது வருடப் பழக்கத்தில் அது எப்போதும்போல் வேலை செய்யும் என்றே அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் கருவியைப் பாருங்கள். அது கார்ட்லெஸ் போன் என்றால், மோடத்துக்கு யு.பி.எஸ். வைத்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் கார்ட்லெஸின் அடித்தட்டு தனியாகச் சுவர் பிளக்கில்தான் செருகப்பட்டிருக்கும். சுருள் வயர் போட்ட சாதாரண போன் ஒன்றை வாங்கி மோடத்தில் நேரடியாகச் செருகிவிட்டால் இந்தப் பாதி தீர்ந்தது, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. சாலையில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

அடுத்தது மோடத்துக்கான சிறிய யு.பி.எஸ். வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரைத் திருப்பி, அதில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனால் எல்லாம் அப்படியல்ல. வோல்ட் மாறினால் மோடம் பழுதாகும், ஆம்பியர் குறைந்தால் அழைப்பின் நடுவில் மோடம் அணைந்து எழும். யு.பி.எஸ். பொருத்திய அன்றே சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, போன் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்து, அந்தக் கணக்கைத் தேதியோடு யு.பி.எஸ். மேலேயே ஒரு காகிதத்தில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்து, பாதியாகக் குறைந்திருந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும்.

‘எங்கள் அடுக்ககத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, எங்களுக்கு எதற்கு’ என்று கேட்பவர்கள் உண்டு. ஜெனரேட்டர் எழுவதற்குள் விழும் சில நொடி இடைவெளியில் மோடம் அணைந்துவிடும். பிறகு அது எழுந்து, போன் சேவையில் மறுபடி பதிவாகி, டயல் டோன் தர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கரண்ட் போன அந்த நொடியில் இருட்டில் தடுக்கி விழுந்தவருக்கு அந்த மூன்று நிமிடம் சின்ன விஷயம் அல்ல.

யு.பி.எஸ். இருந்து, மோடம் எரிந்துகொண்டே இருந்தும் கரண்ட் போனவுடன் நெட் துண்டிக்கப்படுகிறதா? வீட்டுக்குள் வரும் கம்பியைப் பாருங்கள். மெல்லிய ஃபைபருக்குப் பதிலாகத் தடித்த லேன் வயர் வந்தால், உங்கள் மாடியில் கம்பிகள் ஏறி இறங்கும் ஷாஃப்டிலோ தரைத்தளத்திலோ நிறுவனத்தின் ஸ்விட்ச் பெட்டி ஒன்று இருக்கிறது, அதற்கு மின்சாரம் இல்லை என்று பொருள். அதை ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றுவது குடியிருப்போர் சங்கத்தின் எலெக்ட்ரீஷியன் வேலை; ஒரு வீட்டுக்காரர் தனியாகச் செய்யக் கூடாது, சங்கக் கூட்டத்தில் எழுப்ப வேண்டும். வருவது ஃபைபர்தான், இருந்தும் துண்டிக்கிறது என்றால் தெருவில் இருக்கும் நிறுவனப் பெட்டியின் பேட்டரி போயிருக்கலாம். அது புகார் கொடுத்துக் காத்திருக்க வேண்டிய இடம், நம் கையில் எதுவும் இல்லை.

## அறிகுறி: கரண்ட் இருக்கிறது, டயல் டோன் இல்லை

போன் வயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். லேன் துளை அகலமானது, போன் துளை குறுகியது. வீடு கூட்டும்போது பிடுங்கியவர்கள் மாற்றிச் செருகியிருப்பார்கள். போன் துளை இரண்டு இருந்தால் பெரும்பாலும் முதலாவதுதான் இயங்கும். சரியான துளையில் இருந்தும் டோன் இல்லையென்றால் மோடத்தை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டு, மூன்று நிமிடம் பொறுங்கள். போன் படம் போட்ட விளக்கு எரியவில்லை என்றால் எண் பதிவாகவில்லை. பில் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள். விளக்கு எரிந்தும் டோன் இல்லையென்றால் வேறொரு கருவியைச் செருகிப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் மோடத்தின் போன் துளை எரிந்திருக்கும், இடி மழைக்குப் பிறகு இது சகஜம், மோடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை. சோபாவுக்குப் பின்னால் ஃபைபர் மடிந்து கிடக்கிறதா என்று பார்த்து நேராக்கலாம், அதற்கு மேல் தொடக் கூடாது. முக்கியமாக, ஃபைபரைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம். நிறுவனத்தின் ஆளை அழையுங்கள்.

## அறிகுறி: டயல் டோன் உண்டு, எண் அழுத்தினால் போகவில்லை

முதல் இலக்கத்தை அழுத்தியதும் டோன் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், கருவியின் பக்கத்திலோ அடியிலோ இருக்கும் பல்ஸ், டோன் குட்டி சுவிட்சைப் பாருங்கள். பல்ஸ் பக்கம் இருந்தால் டோன் பக்கம் தள்ளுங்கள். பழைய எக்ஸ்சேஞ்சுக்குப் பல்ஸ் புரிந்தது, பல மோடங்களுக்குப் புரிவதில்லை. சுழல் டயல் போட்ட பழைய போனை நினைவுக்காக வைத்திருப்பவர்கள் அதை வெளியழைப்புக்கு நம்பக் கூடாது.

டோன் நின்றது, ஆனால் அழுத்திய பிறகு மயான அமைதி என்றால் அவசரப்பட்டு வைத்துவிடாதீர்கள். மூன்று இலக்கத்தோடு எண் முடிந்ததா, இன்னும் வருமா என்று மோடம் காத்திருக்கும். ஐந்து முதல் பத்து நொடி வரை இந்தக் காத்திருப்பை நான் கண்டிருக்கிறேன். நான்கு நொடியில் ‘போகவில்லை’ என்று வைத்துவிட்டு மறுபடி அழுத்துகிறவர், ஒவ்வொரு முறையும் போகவிருந்த அழைப்பைத் தானே வெட்டிக்கொண்டிருக்கிறார். எண்ணுக்குப் பிறகு சதுரக்கட்டப் (#) பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான மோடங்களில் உடனே போகும். 139ஐ ஒருமுறை சதுரக்கட்டத்தோடும் ஒருமுறை அது இல்லாமலும் அழைத்துப் பார்த்தால் உங்கள் மோடத்தின் பழக்கம் தெரிந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

எட்டு இலக்க உள்ளூர் எண் போகிறது, 139உம் 1912உம் மட்டும் போகவில்லை என்றால் குறு எண்களுக்கான வழி நிறுவனத்தின் அமைப்பிலோ எந்த எண்ணை எப்படி அனுப்புவது என்று மோடத்தில் பதிந்திருக்கும் டயல் பிளானிலோ விடுபட்டிருக்கிறது. இதை நாம் திருத்த முடியாது. வாடிக்கையாளர் சேவையிடம் ‘போன் சரியில்லை’ என்று சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லிவிட்டுப் புகாரை மூடிவிடுவார்கள். ‘எட்டு இலக்க எண் போகிறது, மூன்று இலக்க எண் போகவில்லை, 112, 101, 108 ஆகியவற்றுக்கு இந்த இணைப்பில் வழி இருக்கிறதா, எழுத்தில் பதில் வேண்டும்’ என்று கேட்டுப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையென்றால் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அதே புகார் எண்ணோடு எழுதலாம்.

## அறிகுறி: 108 அழுத்தினால் பக்கத்து வீட்டில் மணி அடிக்கிறது

இந்தத் தலைப்பைக் கொஞ்சம் விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ராமமூர்த்தி நகர்ப் பக்கம் ஓர் அடுக்ககத்தில் மழைக்குப் பிறகு இன்டர்காம் சரிபார்க்கப் போயிருந்தேன். மூன்றாவது மாடியில், மகனோடு இருக்க வேலூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த போனைக் காட்டி, அது சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ‘அப்படின்னா அன்னிக்கு ஏன் தம்பி போகல? பாத்ரூம்ல விழுந்து கால் மடங்கிடுச்சு. தவழ்ந்து வந்து 108 அடிச்சேன். மணி போச்சு. மூணு தடவ அடிச்சேன், மூணு தடவையும் மணி போச்சு, எடுக்கத்தான் ஆளில்ல. ஆம்புலன்ஸ்காரங்களே எடுக்கலன்னா யார்கிட்ட சொல்றதுன்னு அப்படியே உக்காந்துட்டேன்’ என்றார். அந்த மணி அடித்தது முதல் மாடியில், பூட்டிக் கிடந்த 108ஆம் எண் வீட்டில். வேலைக்கார அம்மா வந்து கதவைத் திறக்கும் வரை அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

மணி போனது என்பதுதான் இதில் கொடுமை. போன் செத்திருந்தால் அவர் வேறு வழி தேடியிருப்பார், கத்தியாவது இருப்பார்.

அடுக்கக இன்டர்காமில் வீட்டு எண்ணையே உள் எண்ணாக வைப்பது பொருத்துகிறவருக்கும் வசதி, குடியிருப்பவருக்கும் வசதி. அதனால் முதல் மாடியில் பன்னிரண்டு வீடுகள் இருக்கும் ஒவ்வொரு கட்டடத்திலும் 101, 102, 108, 112 என்ற நான்கு அவசர எண்களும் யாரோ ஒருவர் வீட்டு மணியை அடிக்கின்றன. எட்டே வீடுகள் என்றாலும் 112 மட்டுமே தப்பும். வேறு சில கட்டடங்களில் 100 கேட்டுக் காவலருக்குப் போகும். அங்கேயாவது ஒரு மனிதர் எடுப்பார்.

உங்கள் கட்டடத்தில் இதைச் சோதிக்க, முதலில் கேட்டிலோ சங்க அலுவலகத்திலோ இருக்கும் இன்டர்காம் பட்டியலை வாங்கி, இந்த எண்களில் உள் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அந்த இன்டர்காமுக்கு வெளி லைன் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் வெளி லைனே கிடையாது. சுவரில் இருப்பது வீட்டுக்கு வீடு பேசும் கருவி மட்டும்தான். அப்படியென்றால் செலவில்லாத முதல் வேலை, அந்தப் போன் மேலேயே ‘வெளியே போகாது, அவசரத்துக்கு 112ஐக் கைபேசியில் அழைக்கவும்’ என்று பெரிய எழுத்தில், வீட்டில் இருப்பவர் படிக்கும் மொழியில் ஒட்டுவது. ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோருக்கு அது தமிழில் இருக்க வேண்டும்.

இரண்டாவது வேலை, உள் எண்களை நான்கு இலக்கமாக்குவது: 1இல் தொடங்காதபடி, ஏ பிளாக்குக்கு 2101, பி பிளாக்குக்கு 3101 என்று. எல்லா வீட்டு இன்டர்காம் வயர்களும் வந்து சேரும் நடுப்பெட்டி ஓரளவு புதியது என்றால் அதில் எண் திட்டத்தை மாற்றும் வசதி இருக்கிறது. பொருத்தியவரைக் கூப்பிட்டால் ஒரு நாள் வேலை. குடியிருப்பவர்கள் புதிய எண்ணுக்குப் பழக ஒரு மாதம் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். மூன்று இலக்கத்துக்கு மேல் ஏற்காத பழைய பெட்டி என்றால் 100, 101, 102, 108, 112 ஆகிய எண்களை மட்டுமாவது வீடுகளிடமிருந்து எடுத்து, அவை அனைத்தும் கேட்டுக் காவலரின் மேசையில் அடிக்கும்படி வைத்து, அந்த வீடுகளுக்கு 900 வரிசையில் எண் கொடுத்துவிடலாம். நள்ளிரவில் மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று காவலருக்குச் சொல்லித் தருவதும் அதில் அடங்கும்.

வெளி லைன் இருக்கும் பெட்டிகளில், அலுவலகங்களிலும் விடுதிகளிலும், ‘வெளியே போக முதலில் 0 அழுத்து’ என்ற ஏற்பாடு இருக்கும். 112 அழுத்துகிறவர் பதற்றத்தில் 0ஐ நினைப்பாரா? 2013இல் அமெரிக்காவின் டெக்சாஸில், ஒரு விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டபோது, அவருடைய ஒன்பது வயது மகள் நான்கு முறை 911 அழைத்தும் போகவில்லை; வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அதன் விளைவாக அங்கே, காரி என்ற அந்தத் தாயின் நினைவாக, காரி சட்டம் என்ற பெயரில் சட்டமே வந்தது. 2020 பிப்ரவரி 16க்குப் பிறகு பொருத்தப்படும் பெட்டிகளில் முன்னெண் எதுவும் இல்லாமல் 911 நேரடியாகப் போக வேண்டும். இங்கே பொருத்துகிறவரிடம் ‘112, 108, 101 மூன்றும் 0 இல்லாமலும் போக வேண்டும், 0 சேர்த்தாலும் போக வேண்டும், அப்படிப் போகும்போது வரவேற்பு மேசையிலும் மணி அடிக்க வேண்டும்’ என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் செய்து தருவார்கள். நான் பொருத்தும் பெட்டிகளில் கேட்காமலே செய்கிறேன்.

## அறிகுறி: செயலியில் 112 அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

இது பழுது அல்ல. வாட்ஸ்அப் தன் விதிமுறைகளிலேயே அவசர சேவைகளுக்குத் தன் வழியாக அழைக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. அதுபோன்ற பெரும்பாலான செயலிகளின் நிலையும் அதுவே. அதைத் திருத்த முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். வீட்டில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கைபேசியின் சொந்த டயலர் எது என்று காட்டிக்கொடுங்கள். வாட்ஸ்அப் மட்டுமே பழகிய பாட்டிக்குப் பச்சை நிறப் போன் படங்கள் எல்லாம் ஒன்றுதான்.

அலுவலக லேப்டாப்பில் இயங்கும் சாஃப்ட்போன் என்ற அழைப்புச் செயலி இன்னும் சிக்கலானது. அதற்குக் கொடுத்திருக்கும் எண் மும்பைத் தலைமை அலுவலகத்தினுடையதாகவோ அமெரிக்காவினுடையதாகவோ இருக்கலாம். அதிலிருந்து போகும் அவசர அழைப்பு, அந்த எண்ணோடு பதிவான முகவரியின் ஊருக்குப் போகக்கூடும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் அதை அவசரத்துக்குத் தொடவே வேண்டாம்.

சிம் எண்ணின் அழைப்பையே வைஃபை வழியாக அனுப்பும் கைபேசியின் வைஃபை காலிங் வேறு கதை. சிக்னல் எட்டாத தரைத்தள வீடுகளில் அதை நம்பித்தான் பலர் பேசுகிறார்கள். சிலர் பேட்டரி மிச்சம் பிடிக்க ஃப்ளைட் மோடு போட்டு வைஃபையை மட்டும் இயக்குகிறார்கள். அதை நிறுத்துங்கள், ஏனென்றால் அந்த நிலையில் எல்லாக் கைபேசியும் வேறு நிறுவனத்தின் சிக்னலைத் தானாகத் தேடும் என்று நம்ப முடியாது. வீட்டுக்குள் எந்த ஜன்னலருகே சிக்னல் கிடைக்கிறது என்று எல்லா அறைகளிலும் நடந்து பார்த்து அந்த இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரி முதல் விற்கும் கைபேசிகளில் அவசரப் பொத்தான் இருக்க வேண்டும் என்பது விதி: பொத்தான் போனில் 5ஐ அல்லது 9ஐ நீண்ட நேரம் அழுத்துவது, ஸ்மார்ட்ஃபோனில் பவர் பொத்தானை மூன்று முறை அழுத்துவது. சில புதிய கைபேசிகளில் ஐந்து முறை. உங்களுடையது எப்படி என்று அமைப்புகளில் ‘அவசரம்’ என்ற பகுதியில் பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி: அழைப்பு போகிறது, பேசுவது ஒரு பக்கம்தான் கேட்கிறது

கருவியின் சுருள் வயரை மாற்றிப் பாருங்கள். பாதி நேரம் அதோடு முடியும். இல்லையென்றால், மோடத்துக்குப் பின்னால் தனியாக இன்னொரு ரவுட்டர் வைத்து அதில் ஐ.பி. போனைச் செருகியிருந்தால், அதை நேரடியாக மோடத்துக்கு மாற்றுங்கள். ரவுட்டரின் அமைப்புகளில், இணைய அழைப்பில் குறுக்கிடும் ‘எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.’ (SIP ALG) என்று ஒன்று இருக்கும். அதை அணைத்தால் பெரும்பாலும் சரியாகும். அதற்கு மேலும் தொடர்ந்தால் சேவை நிறுவனத்தின் ஆள் வர வேண்டும். இந்தக் குறை இருக்கும் போனில் அவசர அழைப்பு நேர்ந்து, எதிர்முனையில் குரல் கேட்டும் அவர்களுக்கு நம் குரல் எட்டவில்லை என்று பட்டால், வைக்காமல் முகவரியை இரண்டு முறை நிதானமாகச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கேட்டும் இருக்கலாம்.

## அறிகுறி: அவசரக் கட்டுப்பாட்டு அறையினர் திரும்ப அழைத்தால் நமக்கு வருவதில்லை

அலுவலகங்களிலும் பெரிய அடுக்ககங்களிலும் மட்டுமே வரும் குறை. உங்கள் மேசைப் போனிலிருந்து உங்கள் கைபேசியை அழைத்து, திரையில் எந்த எண் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு அந்த எண்ணுக்கே திரும்ப அழையுங்கள். ‘ஆங்கிலத்துக்கு 1 அழுத்தவும்’ என்று பதிவுக்குரல் பேசினால், பாதியில் துண்டான அவசர அழைப்பைத் தொடர நினைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் அதே குரல்தான் கிடைக்கும். அந்த எண்ணை ஆள் இருக்கும் மேசைக்கு, இரவில் காவலருக்குத் திருப்பும்படி பெட்டி பொருத்தியவரிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி: அழைப்பு போகிறது, ஆனால் இடம் தவறு

ஊரில் இருக்கும் அம்மாவுக்காக பெங்களூரிலிருந்து 108 அழுத்திவிட்டு, கன்னடத்தில் பேசுகிறார்களே என்று திகைத்தவர்கள் உண்டு. இங்கிருந்து அழுத்தினால் கர்நாடகத்தின் மையத்துக்குத்தான் போகும். திருச்சியில் இருக்கும் பெற்றோருக்கு அந்த ஊர்க் காவல் நிலையம், பக்கத்து மருத்துவமனை, எதிர்வீட்டுக்காரர் ஆகியோரின் முழு எண்களை, எஸ்.டி.டி. குறியீட்டோடு சேமித்து வைப்பதே வழி. இதன் மறுபக்கமும் உண்டு: வீட்டு 080 எண்ணைக் கைபேசியில் இயக்கும் செயலியைச் சென்னைக்குக் கொண்டுபோய் அதிலிருந்து அவசர எண்ணை அழைத்தால், அது பெங்களூர் எண்ணாகவே நடந்துகொள்ளலாம். பயணத்தில் சிம் எண்ணிலிருந்து மட்டும் அழையுங்கள்.

வீடு மாறியவர்கள் மோடத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் புது வீட்டில் செருகி, நெட் வந்துவிட்டது என்று விட்டுவிடுவது இன்னொரு காரணம். நிறுவனத்தின் பதிவில் பழைய முகவரியே இருக்கும். பில்லில் அச்சாகும் முகவரியைப் பாருங்கள். பழையது என்றால் முகவரி மாற்றத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

பதிவு சரியாக இருந்தாலும், இணையப் போனிலிருந்து அழைக்கும்போது நம் இடம் அவர்கள் திரையில் தெரியும் என்று எண்ண வேண்டாம். நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும். இந்த ஊரில் ‘நான்காவது மெயின், ஏழாவது கிராஸ்’ என்பது ஒவ்வொரு லேஅவுட்டிலும் இருக்கிறது. லேஅவுட், ஸ்டேஜ் அல்லது பிளாக், மெயின், கிராஸ், கட்டடப் பெயர், மாடி, பக்கத்தில் ஊரறிந்த ஓர் அடையாளம் என்ற வரிசையில் சொன்னால்தான் வண்டி வந்து சேரும். அதனால் ஒவ்வொரு போன் பக்கத்திலும் ஓர் அட்டை எழுதி ஒட்டச் சொல்கிறேன். கன்னடம் பேச வராத பெரியவர்கள் இருக்கும் வீட்டில், கன்னடச் சொற்களையே தமிழ் எழுத்தில் எழுதித் தருகிறேன்: ‘ஆம்புலன்ஸ் பேக்கு’ என்றால் ஆம்புலன்ஸ் வேண்டும், ‘எதெ நோவு’ என்றால் நெஞ்சு வலி, ‘பெங்கி பித்திதெ’ என்றால் தீப்பிடித்திருக்கிறது, ‘நம்ம விளாச’ என்றால் எங்கள் விலாசம். விலாசத்துக்கு அங்கும் ஏறக்குறைய அதே சொல் என்று சொன்னதும் பல பாட்டிமார்களின் முகத்தில் பயம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

அட்டையை ஒட்டிய பிறகு, அந்த வீட்டில் பகலில் தனியாக இருப்பவரை அதைக் கையில் எடுக்காமல், நின்ற இடத்திலிருந்து உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மூக்குக் கண்ணாடியைத் தேடினார் என்றால் எழுத்தைப் பெரிதாக்கி மறுபடி எழுதுங்கள். பிறகு தரையில் உட்கார்ந்தபடியே போனை எட்ட முடிகிறதா என்று பார்த்து, முடியாவிட்டால் போனையும் அட்டையையும் இறக்கி வையுங்கள்.